பவளம் திருகு

தன்னைத் தானே தொலைக்காட்சியில் பார்ப்பது பவளக்கொடிக்குப் புதிதில்லை. பத்து வருடமாகப் பார்த்து வருகிறாள். ஆனால் காந்திபுரத்து பேக்கரி ஒன்றில், கையில் தேங்காய் பன்னோடு நின்றுகொண்டு, தான் ஆடாத ஆட்டத்தில் தன்னைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

திரையில் ஓடிக்கொண்டிருந்தது பெண்கள் கூடைப்பந்து லீக்கின் தொடக்க ஆட்டம். நொய்யல் வேங்கைகள் அணியில் ஒன்பதாம் எண் போட்ட பெண் பந்தை வாங்கினாள். இடது பக்கம் போவதுபோல் தோளைக் காட்டிவிட்டு வலப்பக்கம் வெட்டினாள். எழும்பி வளையத்தில் போட்டுவிட்டு, இடது காலில் இறங்கி, இடுப்பை ஒரு திருகு திருகிக்கொண்டு நின்றாள். அரங்கமே எழுந்து கத்தியது. வர்ணனையாளர் தொண்டை கிழிய "பவளம் திருகு, பவளம் திருகு" என்றார். ஆடியவளின் பெயர் பவளம் இல்லை. அவள் திண்டுக்கல் ஜெசிந்தா, வயது இருபத்தொன்று, போன வருடம் வரை மாற்று வீராங்கனையாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவள்.

பேக்கரிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே பவளக்கொடியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, நீங்க போகாட்டியும் நீங்களேதான ஆடறீங்க. அப்பறம் எதுக்குங்க இந்த வம்பு?"

அவர் நல்ல மனிதர். பத்து வருடமாக அவளுக்குச் சர்க்கரை குறைத்து டீ போடுகிறவர். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

வம்பாம். என்ன வம்பு என்று சொல்லிவிடலாம். வேங்கைகள் அணிப் பெண்கள் பயிற்சியிலும் ஆட்டத்திலும் ஜெர்சிக்குள்ளே ஓர் உள்ளுடை போட்டாக வேண்டும். கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று என்று ஐந்து துண்டாக உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சாம்பல் நிறத் துணி. ஆடுகிறவர்கள் அதைத் தோல் என்பார்கள். எந்தத் தசை எப்போது எவ்வளவு இறுகியது என்று தோல் குறித்துக்கொண்டே இருக்கும். அடிபட்டவர்கள் சீக்கிரம் தேறுவதற்கு, களைத்தவர்களுக்கு ஓய்வு கொடுப்பதற்கு என்று சொல்லித்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகவே மாட்டிக்கொண்டார்கள். அது குறித்து வைத்ததற்குத் தடம் என்று பெயர். இந்த வருடம் நீட்டிய புது ஒப்பந்தத்தில் பதினாலாவது ஷரத்தாக ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: வீராங்கனையின் தடம் அணிக்குச் சொந்தம், அவர் அணியை விட்டு விலகிய பின்பும், ஆட்டத்தையே விட்ட பின்பும்.

மூன்று பேர் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். பவளக்கொடி, அவளோடு ஏழு வருடம் தோளோடு தோள் ஆடிய ரூத், பின்வரிசைத் தடுப்பாட்டக்காரி தனபாக்கியம். சம்பளத்தைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. நாங்கள் போகும்போது எங்கள் தடமும் எங்களோடு வரவேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். பத்திரிகைகள் அவர்களுக்குப் பிடிவாதக்காரிகள் என்று பெயர் வைத்தன. பயிற்சி முகாம் தொடங்கி முடிந்து லீக்கும் தொடங்கிவிட்டது. அன்றோடு நாற்பத்தொரு நாள்.

அணி மேலாளர் சென்னியப்பன் கோபப்படுகிற ஆளில்லை, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற ரகம். முதல் நாள் மூன்று பேரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு இளநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"வராட்டிப் போங்க அம்மிணி, ஒண்ணும் கட்டாயமில்ல. சமையக்காரி லீவு போட்டா ஊட்டுல கொழம்பு நின்னு போகுமா? செய்முறை நம்மகிட்ட இருக்குதல்லோ."

"புரியல சார்," என்றாள் பவளக்கொடி.

"தோலு இத்தன நாளா கேட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதைப் பேச வெச்சுட்டோம். உன்ற தடத்தை வேற ஒரு புள்ளைக்குப் போட்டா, தோலே அவ தசைக்குச் சொல்லும், இப்ப இறுக்கு, இப்ப உடுன்னு. எறும்பு கடிச்சாப்புல சின்னதா ஒரு கரண்டு, வேற ஒண்ணுமில்ல. மேல இருக்கற கேமரா ஆட்டத்தைப் பாத்து, இந்த எடத்துல பவளம் என்ன பண்ணுவாளோ அதை எடுத்துக் குடுத்துரும். ஓடறது அந்தப் புள்ளை. ஆடறது நீ."

"என்னக் கேக்காமயேவா?"

"பழைய ஒப்பந்தத்துல தடம் யாருதுன்னு எழுதவே இல்ல. எழுதாதது எங்க துணியில இருக்குது, கண்ணு. அப்ப எங்குளுதுதான?"

ரூத் இளநீரைத் தொடாமலேயே எழுந்து போனாள். பவளக்கொடி பாதி குடித்துத் தொலைத்திருந்தாள். அந்தப் பாதி இளநீருக்காக அவள் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பேக்கரியில் அடுத்த திருகு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மூன்றாவது தடவை ஜெசிந்தா இறங்கியபோது பவளக்கொடி பன்னைக் கீழே வைத்துவிட்டாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் இடுப்பைப் பார்த்தார்கள். அவள் இடது முட்டியைப் பார்த்தாள்.

அந்தத் திருகு ஊருக்கெல்லாம் அழகு. பெண் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் அதைச் செய்து பார்ப்பார்கள், சோப்பு விளம்பரத்தில்கூட வந்தது. அது அழகே இல்லை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், பவளக்கொடியும் உத்தமபாளையத்தில் இருக்கும் அவள் அம்மாவும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு நடந்த பயிற்சியில் அவள் வலது முட்டிக்குள் என்னவோ படக்கென்றது. அது ஒப்பந்தம் புதுப்பிக்கும் வருடம். ஒப்பந்த வருடத்தில் யாருக்கும் அடிபடாது என்பது ஆடுகிறவர்களிடையே உள்ள வழக்கம். விரல் பிசகினால் பக்கத்து விரலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு சிரிப்பார்கள், காய்ச்சலடித்தால் மாத்திரையை முழுங்கிவிட்டு முதல் ஆளாக மைதானத்துக்கு வருவார்கள். பவளக்கொடியும் வயிற்றுவலி என்று கோச்சிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். அங்கே அம்மா பெயரில் ஸ்கேன் எடுத்தாள்: பேச்சியம்மாள், வயது ஐம்பத்திரண்டு. ஸ்கேன் எடுத்தவர் சீட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஜவ்வு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது.

பிறகு அவள் வலது காலில் இறங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். இடது காலில் முழு எடையையும் வாங்கி, இடுப்பைத் திருகி, வலது பாதம் தரையைத் தொடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். சொல்வதற்கு எளிது. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஊருக்குப் போய் ஆற்று மணலில் குதித்துக் குதித்து இடது இடுப்பைக் கல்லாக்கிக்கொள்ள அவளுக்குப் பத்து மாதம் ஆனது. அதற்குள் ரசிகர்கள் அந்த நொண்டலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த நொண்டல் ஜெசிந்தாவின் உடம்புக்குள் இருந்தது. அவள் வலது முட்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தோல் அவளை அதில் இறங்க விடாது. இடது இடுப்பில் அந்தக் கல்லும் இல்லை, எல்லாப் பாரமும் இடது முட்டிக்குத்தான் போகும். முகாமில் அவளுக்குப் பழகக் கிடைத்தது மூன்றே வாரம். ஆட்டம் நின்ற ஒரு நொடியில் அந்தப் பெண் குனிந்து முட்டியைத் தேய்ப்பதைக் கேமரா காட்டியது. நிம்மதியாக மூச்சு விடுகிறாள் என்றார் வர்ணனையாளர்.

மறுநாள் காலை பவளக்கொடி பீளமேட்டில் இருக்கும் ரூத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். ரூத்துக்கு முதலில் வந்த கோபம் ஏழு வருடச் சினேகிதியிடம் இதை மறைத்தாயே என்பதுதான். அது அடங்க ஒரு காபி ஆனது. அடங்கியதும் அவள் கணக்காகப் பேசினாள்.

"விட்டுருடி. அவ கால் போகட்டும். நாமளா போய் உடைக்கிறோம்? அவளுக்கு உடைஞ்சா தடம் செல்லாதுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அந்த ஆளு தன்னால நம்ம வாசல்ல வந்து நிப்பாரு."

"அவளுக்கு இருபத்தொரு வயசு ரூத்."

"நமக்கும் அந்த வயசு இருந்துச்சு. நாம எவ எடத்துலயும் போய் நிக்கல."

 ரூத் சொன்னது அவ்வளவும் பவளக்கொடிக்கு நியாயமாகப் பட்டது. ஒரு நிமிடம், ஒரு முழு நிமிடம், அந்தப் பெண்ணின் கால் உடைவதை அவள் ஆசையோடு நினைத்துப் பார்த்தாள். பிறகு அதை நினைத்துத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வாயைத் திறந்து சொன்னால் அவள் கதை முடிந்தது. அடியை மறைத்து ஆடியவர்களுக்கு லீக்கில் இனி எப்போதும் இடமில்லை என்று விதியே இருக்கிறது. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. நடுவில் ஒரு வழியும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா பூசைக்குப் போகும் மாதா கோவில் வாசலில் பவளக்கொடி போய் நின்றாள். இரண்டு திட்டு திட்டிவிட்டு விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் போனாள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஜெசிந்தா வந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்துச் சேர்த்து வைத்து இறங்கினாள். 

"திட்டத்தான வந்தீங்க அக்கா. திட்டிருங்க," என்றாள் ஜெசிந்தா.

"முட்டி எப்படி இருக்கு?"

அந்தப் பெண் அதை எதிர்பார்க்கவில்லை. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தடம் உடம்பில் உட்காரும் வரை கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பவளத்தோட ஆட்டம் பெரிசு, உன் உடம்பு சிறிசு, அதான் என்று தோலைக் கவனிக்கும் ஆள் சொன்னானாம். அதைச் சொல்லும்போது அவளே தன் உடம்புக்காக மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

பவளக்கொடி மதுரை ஸ்கேனிலிருந்து ஆற்று மணல் வரை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் அழுவாள், அல்லது உடனே ஓடிப்போய்த் தோலைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தாள். ஜெசிந்தா இரண்டும் செய்யவில்லை.

"அப்ப நீங்களும் யார்கிட்டயும் சொல்லலைல்ல?"

"இல்ல."

"சொன்னா எடுத்துருவாங்கன்னுதான சொல்லல? நான் வலிக்குதுன்னு சொன்னா என்னயும் எடுத்துருவாங்க. எனக்குப் பின்னாடி இன்னும் நாலு பேரு நிக்கிறாங்க. உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமாக்கா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. ஜெசிந்தா எழுந்தாள். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஒன்றைத்தான் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றாள்.

"தோலைக் கழட்டிட்டுத் தனியா ஷூட் பண்ணிப் பாத்தேன்க்கா. என் ஷாட் வரல. கை உங்கள மாதிரி போகுது, பந்து எங்கயோ போகுது. பத்து வயசுலருந்து போட்ட ஷாட்டு. அத எங்க வச்சேன்னே தெரியல."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இத்தனை நாளாக ஜெசிந்தாவைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பவளக்கொடி. திருடு போனது அந்தப் பெண்ணிடமிருந்தும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இருவரிடமும் எடுத்தது ஒரே கை. 

திங்கட்கிழமை அவள் அம்மா பெயர் போட்ட ஸ்கேன் உறையை எடுத்துக்கொண்டு சென்னியப்பனின் அறைக்குப் போனாள். ரூத்திடம் சொல்லவில்லை. உறையை மேசைமேல் வைத்தாள், தன் ஆட்டக் காலத்தையே எடுத்து வைக்கிறோம் என்று தெரிந்தேதான் வைத்தாள். வலது கால் ஜவ்வு இரண்டு வருடமாகக் கிழிந்து கிடக்கிறது, மறைத்துத்தான் ஆடினேன், என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள், அந்தப் பெண்ணுக்கு என் தடத்தைப் போடாதீர்கள் என்று மனப்பாடம் செய்து வந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

சென்னியப்பன் உறையைப் பிரிக்கவே இல்லை. சுண்டு விரலால் அவள் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"தெரியும் அம்மிணி."

"என்ன தெரியும்?"

"உன்ற கால். அந்த வாரமே தோலு சொல்லிப்போட்டுது. வலது பக்கம் பாரம் பாதியாக் கொறைஞ்சிருக்குதுன்னு செவப்புக் கோடு போட்டுக் காட்டுச்சு. டாக்டரும் பாத்தாரு, நானும் பாத்தேன்."

 இந்த இரண்டு வருடமும் அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது, கழிவறைக்குள் உட்கார்ந்து முட்டியில் பட்டை சுற்றியது, அம்மாவிடம் சத்தியம் வாங்கியது, எல்லாவற்றையும் இந்த மனிதர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா என்ன ஆட விட்டீங்க?"

"நீ சொல்லல. நாங்க கேக்கல." குரலில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. "சனம் அந்தத் திருகுக்கு எந்திரிச்சு நிக்குது. அதைப் போய் எதுக்குச் சரி பண்ணோணும்?"

"அந்தப் பொண்ணு முட்டி போகப் போகுது சார்."

"தோலு காட்டுது. இன்னும் அஞ்சாறு ஆட்டம் தாங்கும்."

அஞ்சாறு ஆட்டம். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுபோல் அதைச் சொன்னார். மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்று பவளக்கொடியின் கை உண்மையாகவே துடித்தது. அவர் அதையும் கவனித்தார், மெதுவாக பேப்பர் வெயிட்டைத் தன் பக்கம் நகர்த்திவிட்டு இழுப்பறையைத் திறந்தார். ஒப்பந்தம் தயாராக இருந்தது.

"அவ்வளவு எரக்கம் இருந்தா நீயே வந்து ஆடு கண்ணு. நீ கையெழுத்துப் போட்டா அந்தப் புள்ளைக்கு எதுக்கு உன்ற தடம்? இன்னைக்கே கழட்டச் சொல்லிடறேன். உன்ற கால் விசயமும் இந்த ரூமோட போகும்."

பதினாலாவது ஷரத்து அப்படியே இருந்தது, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ரூத்தையும் தனபாக்கியத்தையும் நினைத்தாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிய அந்தக் காலை நினைத்தாள். தன் கையெழுத்து இவ்வளவு கோணலாக விழும் என்று அவளுக்குத் தெரியாது.

தனபாக்கியம் மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டாள், வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். ரூத் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு வரி அனுப்பினாள்: உனக்கு இரக்கம் வரும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு, உனக்குத்தான் அந்த ஆளைத் தெரியல. பவளக்கொடி அதைப் பலமுறை படித்தாள். நான் செய்தது சரிதான் என்று பதில் எழுதி எழுதி அழித்தாள்.

அந்த வாரம் முழுவதும் ஜெசிந்தா தோல் இல்லாமல், மைதானத்தின் கடைசி வளையத்தில் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் பந்து பலகையில்கூடப் படவில்லை. மூன்றாம் நாள் வளையத்தில் இடித்தது. வெள்ளிக்கிழமை நான்கு போட்டாள், அதில் ஒன்று பட்டும்படாமல் உள்ளே போனது. அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிரித்தாள். பவளக்கொடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 

சனிக்கிழமை மாலை உள்ளூர் ஆட்டம். அரங்கம் நிரம்பி வழிந்தது. பவளக்கொடி வழக்கம்போல் தோல் போட்டு இறங்கினாள், திருகினாள், சனம் எழுந்து நின்றது. அந்தக் கைதட்டல் அவளுக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது. மூன்றாம் கால் பகுதியில் கோச் அவளை ஓய்வுக்கு அழைத்துவிட்டு ஜெசிந்தாவை அனுப்பினார். ஜெசிந்தாவுக்கும் தோல் மாட்டியிருந்தார்கள். அதில் தப்பில்லை, எல்லோருக்கும் உண்டு, அது பேசாமல் குறித்துக்கொண்டால் சரி.

ஜெசிந்தா முதல் பந்துக்கு எழும்பினாள். இறங்கியது இடது காலில். இடுப்பு திருகியது. வாயைத் திறந்தாள், சனத்தின் கூச்சலில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பவளக்கொடி தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனிடம் ஓடினாள்.

"வாக்குக் குடுத்தீங்க சார்."

அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாயில சொன்னதுதான அம்மிணி. நீ கையெழுத்துப் போட்டது பதினாலாவது ஷரத்துல. தடம் இப்ப சுத்தமா எங்குளுது. நீ ஓய்வெடுக்கறப்பவும் சனத்துக்கு நீ வேணும் பாரு."

இதற்கா கையெழுத்துப் போட்டாள்? இதற்கா ரூத்தை இழந்தாள்? அவருடைய சட்டைக் காலரைப் பிடித்திருப்பாள். அதற்குள் நடுவர் விசில் ஊதினார். எதிரணிக்கு இரண்டு தண்டனைப் பந்து. எல்லோரும் வளையத்துக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஜெசிந்தா மட்டும் நிற்கவில்லை. நடுமைதானத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வழுக்கிவிட்டாள் போல என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கணுக்காலில் இருந்த ஒட்டுப்பட்டையைப் பிடித்துப் பரக்கென்று பிரித்தாள். இடது கால் துண்டைத் தொடையிலிருந்து உருவினாள், பிறகு வலது காலை, பிறகு இரண்டு கைகளை. அரங்கம் அமைதியாகி, ஒவ்வொரு பட்டையும் பிரியும் சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. ஜெர்சிக்குள் கையை விட்டு முதுகுத் துண்டையும் இழுத்துப் போட்டாள். ஐந்தையும் சுருட்டிக் கோட்டுக்கு வெளியே வீசினாள். நடுவர் பக்கத்தில் வந்து பார்த்தார். ஜெர்சி போட்டிருக்கிறாள், காலணி போட்டிருக்கிறாள், தோல் போடச் சொல்வது அணி, லீக் இல்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். கோச் மாற்று ஆளை எழுப்புவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

எதிரணி இரண்டாவது பந்தைத் தவறவிட்டது. தனபாக்கியம் அதைப் பிடித்து, யாரையும் பார்க்காமல், நீளமாக ஜெசிந்தாவுக்கு எறிந்தாள். முன்னால் ஒரு ஆளும் இல்லை. சனம் எழுந்து திருகுக்காகக் காத்திருந்தது.

ஜெசிந்தா நின்றாள். பந்தை இரண்டு கையாலும் இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கொஞ்சம் பின்னால் சாய்ந்து, எம்பி, கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்குவதுபோல் ஒரு வெட்டு வெட்டி எறிந்தாள். எந்தக் கோச்சும் சொல்லித்தராத ஷாட். பார்க்கக் கண்ராவியாக இருந்தது. பந்து வளையத்தைத் தொடவில்லை, பலகையைத் தொடவில்லை, வலையைக்கூடத் தொடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த போட்டோக்காரர் மடியில் போய் விழுந்தது.

எட்டாயிரம் பேர் ஊவென்று கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ பவளத்தைக் கூப்பிடு என்றார்கள். ஜெசிந்தா இரண்டு காலிலும் சமமாக இறங்கி, அப்படியே, ஆடாமல் நின்றிருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

பவளக்கொடி கை தட்டினாள். அந்தக் கூச்சலில் அவள் கைதட்டல் அவளுக்கே கேட்கவில்லை. உள்ளங்கை எரியும் வரை தட்டினாள். சென்னியப்பன் அப்போதுதான் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

கோச் ஓடி வந்து பவளக்கொடியின் தோளைப் பிடித்து, உள்ளே போ, சீக்கிரம் போ என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தாள். கணுக்கால் பட்டையைப் பிரித்தாள். கோச் என்னவோ கத்தினார், அவள் நிமிரவில்லை. ஐந்து துண்டையும் கழற்றி, மடித்து, சென்னியப்பனின் மடியில் வைத்தாள்.

"உங்க துணி சார்," என்றாள்.

பிறகு திரும்பி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எதையும் மறைக்காமல், வலது காலை நொண்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தாள்.